யாரும் முறையிடாத பூஜ்யம்

புந்தோங் பாசாரில் மீன் வாங்கிக்கொண்டிருந்தபோது ஹேமலதா போன் செய்தாள். நான் வேலை பார்த்த பொறியியல் கல்லூரியில் இப்போது அவள் விரிவுரையாளர். என் பழைய மேசையில்தான் உட்கார்ந்திருக்கிறாள்.

"மேடம், இந்த வருஷத்துல இருந்து பிளேஸ்மெண்ட் டெஸ்டுக்கு நாங்க யாருமே போக வேணாம். கேள்வி கேக்கறது, மார்க் போடறது, குழு பிரிக்கறது எல்லாம் சிஸ்டமே பாத்துக்கும். துறை மலருக்குப் பழைய டெஸ்ட் பத்தி ஏதாச்சும் ஜாலியா எழுதிக் குடுங்களேன்."

மீன்காரர் செதில் சுரண்டும் சத்தத்தில் பாதிப் பேச்சு காதில் விழவில்லை. 'யாருமே போக வேணாம்' என்பது மட்டும் நன்றாகவே விழுந்தது. சரி என்று சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்து மீனைக் குழம்பு வைத்த பிறகுதான் யோசித்தேன். ஜாலியாக எழுத எனக்கு வராது. வந்ததை எழுதுகிறேன், பிடித்தால் போட்டுக்கொள்ளட்டும்.

என்னைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஈப்போவில் பிறந்து, கோலாலம்பூரில் கணக்குப் படித்து, கறுப்புத் திரையில் பச்சை எழுத்து மினுங்கிய காலத்தில் எல்லாரையும் போலத் தப்பும் தவறுமாக நிரல் எழுதக் கற்று, மறுபடி ஈப்போவுக்கே வந்து சேர்ந்தேன். சிம்பாங் பூலாய் பக்கம் கல்லூரி. சன்னலைத் திறந்தால் சுண்ணாம்பு மலை. மூடி வைத்தாலும் கல் உடைக்கும் இடத்தின் தூசி எப்படியோ உள்ளே வந்துவிடும். நான் அங்கே எத்தனை பாடம் நடத்தினேன் என்பதை விட எத்தனை விசைப்பலகை துடைத்தேன் என்று கேட்டால் பொருத்தமாக இருக்கும்.

புதிதாகப் பொறியியல் படிக்க வரும் பிள்ளைகளில் சிலர் பள்ளியிலேயே நிரல் எழுதிப் பழகியிருப்பார்கள். சிலர் கணினியில் ஆட்டம் மட்டும் ஆடியிருப்பார்கள். சிலருக்கு வீட்டில் கணினியே இருந்திருக்காது. எல்லாரையும் ஒரே வகுப்பில் போட்டால் பாதிப் பேர் தூங்குவார்கள், மீதிப் பேர் அழுவார்கள். அதற்காகத்தான் முதல் வாரத்திலேயே அந்தத் தேர்வு. நன்றாகத் தெரிந்தவர்கள் முதல் குழு, அவர்கள் தொடக்கப் பாடத்தைத் தாண்டிப் போகலாம். சுமாராகத் தெரிந்தவர்கள் இரண்டாம் குழு. ஒன்றும் தெரியாதவர்கள் மூன்றாம் குழு, அவர்களுக்குத் தயாரிப்பு வகுப்பு. ஆனால் மூன்றாம் குழுவில் விழுந்தவருக்கு அந்த வருடம் கணினிப் பொறியியல் பிரிவில் இடம் கிடையாது. கட்டடமோ இயந்திரமோ வேறு எதையாவது எடுத்துக்கொள்ள வேண்டியதுதான்.

எங்கள் துறைத் தலைவர் புவான் ரொஹானா. மலாயில் புவான் என்றால் மேடம், நாங்கள் அவரை அப்படியேதான் கூப்பிடுவோம். அவருக்கு அந்தக் கடைசி விதி பிடிக்காது. "இது சட்டைக்கு அளவு எடுக்கிற மாதிரி. அளவு எடுத்ததற்காக யாரையும் தண்டிக்கக் கூடாது" என்பார். விதியை மாற்ற அவரால் முடியவில்லை. அதனால் அளவை ஒழுங்காக எடுப்பதில் பிடிவாதமாக இருந்தார். தேர்வுக்கு முந்தின நாள் ஒவ்வொரு கணினியிலும் எல்லா விசையையும் நாங்கள் அழுத்திப் பார்க்க வேண்டும். தேர்வு தொடங்கியதும் கொஞ்ச நேரம் பிள்ளைகள் தங்களுக்குப் பிடித்த எதையாவது தட்டச்சு செய்து கை பழகிக்கொள்ளலாம். முதல் கேள்வி யாராலும் பதில் சொல்லக்கூடியதாக இருக்க வேண்டும். உள்ளே வந்த பிள்ளை முதல் நிமிடத்திலேயே மிரண்டுவிடக் கூடாது என்பது அவர் கணக்கு.

அவர் சத்தம் போட்டு நான் கேட்டதில்லை. மெல்லிய உடம்பு, தூடோங் முக்காட்டுக்கு மேலே ஏற்றி வைத்த மூக்குக் கண்ணாடி, எப்போதும் கையில் ஒரு குவளை வெந்நீர். நாம் ஏதாவது விளக்கம் சொன்னால் முழுதும் கேட்டுவிட்டு, "லெபாஸ் து?" என்பார். அப்புறம் என்று அர்த்தம். நம் விளக்கம் அரைகுறையாக இருந்தால் அந்த ஒரு கேள்விக்கே தடுமாறிவிடுவோம். எனக்கு வேலையில் சேர்ந்த புதிதில் அதைக் கேட்டாலே எரிச்சலாக வரும். பிறகு வீட்டில் என் கணவரிடமே "லெபாஸ் து?" கேட்க ஆரம்பித்துவிட்டேன்.

தாளில் தேர்வு நடந்த ஒரு வருடம், கிரிக் பக்கத்திலிருந்து வந்த மலாய்ப் பையன் ஒருவன் நிரல் எழுதச் சொன்ன இடத்தில் எல்லாம் மலாயில் வாக்கியமாக எழுதி வைத்திருந்தான். லாரியின் எடையைக் கேள், வரம்பைத் தாண்டினால் நிறுத்து, இல்லாவிட்டால் அடுத்த லாரியைக் கூப்பிடு என்று அழகாக, வரிசையாக. இது கணினிக்குப் புரியாதே என்று நான் பூஜ்யம் போட்டுவிட்டேன். புவான் தாளை வாங்கிப் படித்தார். "கணினிக்குப் புரியாது. உனக்குப் புரிந்ததா?" என்றார். புரிந்தது என்றேன். "லெபாஸ் து?" என்றார். அவனுக்கு இரண்டாம் குழு கிடைத்தது.

அதற்குப் பிறகு, தேர்வு கணினிக்கு வந்ததும், அவர் ஒரு வழக்கத்தை ஏற்படுத்தினார். யாராவது பூஜ்யம் வாங்கினால், அந்தப் பிள்ளை உட்கார்ந்த அதே நாற்காலியில், அந்தப் பிள்ளையின் பெயரிலேயே, புவான் தானே உட்கார்ந்து முழுத் தேர்வையும் எழுதிப் பார்ப்பார். விசை ஏதும் ஒட்டிக்கொண்டிருக்கிறதா, திரையில் வெளிச்சம் அடிக்கிறதா, கேள்வி குழப்புகிறதா என்று பார்ப்பார். ஒரு ஆள் வந்து உட்கார்ந்து நேரம் முழுக்கத் தட்டச்சு செய்திருக்கிறான், அதற்கு ஒன்றுமே வரவில்லை என்றால் நம்மால் நம்ப முடிகிறதா என்று கேட்பார். துறையில் சிலர் இதை வேலையற்ற வேலை என்று கான்டீனில் கேலி பேசுவார்கள். நானும் சிரித்திருக்கிறேன்.

நான் சொல்ல வந்தது, எங்கள் கல்லூரியே சொந்தமாக ஒரு தேர்வு சிஸ்டம் செய்துகொண்ட வருடத்தைப் பற்றி. செய்தவன் குமரேசன். எங்கள் துறையின் இளம் விரிவுரையாளன், கெட்டிக்காரன், ஈப்போவில் நாலு தலைமுறையாக இருக்கும் செட்டிநாட்டுக் குடும்பத்துப் பிள்ளை. பிள்ளைகள் பதிலைத் தட்டச்சு செய்து அனுப்பினால் சிஸ்டமே அதை வாங்கி வைத்து, ஓட்டிப் பார்த்து, மதிப்பெண் போட்டு, குழுவும் பிரித்துவிடும். புவான் அந்த நேரம் ஹஜ்ஜுக்குப் போயிருந்தார். பொறுப்பை என்னிடம் கொடுத்திருந்தார். தேர்வு ஒரு சலசலப்பும் இல்லாமல் முடிந்தது. மறுநாளே முடிவு பலகையில் ஏறிவிட்டது.

மூன்றாம் குழுவின் பட்டியலை இரண்டு முறை படித்தேன். எங்கள் தமிழ்ப் பிள்ளைகள் அத்தனை பேரும் அதில் இருந்தார்கள். அத்தனை பேருக்கும் பூஜ்யம். கூடவே தாப்பாவுக்கு மேலே மலைக் கிராமத்திலிருந்து வந்த ஓராங் அஸ்லி பழங்குடி மாணவன் ஒருவனும். நேராகக் குமரேசனிடம் போனேன்.

"சிஸ்டத்துல ஏதோ கோளாறு இருக்குப்பா. திரும்பப் பாரு."

"பாத்துட்டேன் அக்கா. சிஸ்டம் ஓகே லா. மத்தவங்களுக்கெல்லாம் கரெக்டா வந்திருக்கே."

"அப்ப நம்ம பிள்ளைங்க ஒருத்தர் கூடவா ஒரு வரி எழுதல?"

"எனக்கும் கஷ்டமாத்தான் இருக்கு. ஆனா என்ன செய்யறது அக்கா? எஸ்டேட் ஸ்கூல்ல இருந்து வந்தவங்கதானே பாதிப் பேரு. வீட்டுல கம்ப்யூட்டர் இருந்திருக்காது" என்றான்.

கோபம் வந்தது. இறுதிப் பட்டியலில் கையெழுத்துப் போடாமல் புவான் வரட்டும் என்று வைத்துவிட்டேன்.

ஹஜ்ஜிலிருந்து திரும்பிய புவான், பேரீச்சம்பழ டப்பாவை என் மேசையில் வைத்த கையோடு பட்டியலைக் கேட்டார். மலாயில்தான் பேசுவோம். மெதுவாகப் படித்தார். பிறகு, "எத்தனை பேர் வந்து முறையிட்டார்கள்?" என்றார்.

"ஒருவரும் வரவில்லை, புவான்."

"பெற்றோர்?"

"அவர்களும் வரவில்லை."

"பூஜ்யத்தை விட எனக்கு இதுதான் பயமாக இருக்கிறது" என்றார்.

பட்டியலில் முதல் பூஜ்யம் துளசி என்ற பெண்ணுடையது. துளசி ஏ/பி மாரியப்பன், தாப்பா. குமரேசனைக் கூப்பிட்டு அவள் பெயரில் தேர்வைத் திறக்கச் சொன்னார். அவள் உட்கார்ந்த கடைசி வரிசை நாற்காலியில் வெந்நீர்க் குவளையோடு உட்கார்ந்தார். நாங்கள் இருவரும் பின்னால் நின்றோம். அவர் அவசரப்படவில்லை. ஒவ்வொரு கேள்வியையும் முதல் முறை பார்ப்பதைப் போலப் படித்தார். எழுதி முடித்து அனுப்பினார். திரையில் 'நன்றி' என்று வந்தது. குமரேசன் தன் கணினியில் மதிப்பெண்ணைத் திறந்தான்.

பூஜ்யம்.

எங்களுக்கெல்லாம் ஒழுங்காக நிரல் எழுதச் சொல்லிக்கொடுத்தவர் அந்த அம்மாள். குமரேசனின் முகம் வெளுத்துவிட்டது. "ஒரு நிமிஷம், புவான், நெட்வொர்க் ஏதோ..." என்று ஆரம்பித்தான்.

"லெபாஸ் து?"

அடுத்துப் புவான், லிம் என்ற சீன மாணவனின் பெயரில் உட்கார்ந்து, அதே பதில்களை அப்படியே எழுதினார். முழு மதிப்பெண். எழுந்து போய் வெண்பலகையில் இரண்டு பெயர்களையும் ஒன்றன் கீழ் ஒன்றாக எழுதினார். எழுதிவிட்டு எங்களைப் பார்த்தார். குமரேசன்தான் முதலில் வித்தியாசத்தைக் கண்டான். தலையில் கை வைத்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

இந்த நாட்டில் எங்கள் அடையாள அட்டையில் மகன் என்றால் ஏ/எல், மகள் என்றால் ஏ/பி என்று போட்டுத்தான் அப்பாவின் பெயர் வரும். ஓராங் அஸ்லி மக்கள் பலருக்கும் அப்படித்தான். பிறந்ததிலிருந்து கூடவே இருப்பதால் நடுவில் இருக்கும் அந்தச் சாய்கோட்டை நாங்கள் கவனிப்பதே இல்லை. கணினி கவனிக்கும். குமரேசனின் சிஸ்டம் ஒவ்வொருவர் பதிலையும் அவரவர் பெயரிலேயே கோப்பாக வைத்தது. கோப்பின் பெயரில் சாய்கோடு வந்தால், அதற்கு முன்னால் உள்ளதை ஒரு கோப்புறையின் பெயர் என்று கணினி எடுத்துக்கொள்ளும். 'துளசி ஏ' என்று ஒரு கோப்புறையைத் தேடியிருக்கிறது. அப்படி ஒன்று இல்லை. வைக்க இடமில்லாமல் பதிலை விட்டுவிட்டு, திரையில் மட்டும் நன்றி சொல்லியிருக்கிறது. மதிப்பெண் போடும் நேரத்தில் கோப்பு இல்லை, ஆகவே பூஜ்யம். குமரேசன் சோதித்தபோது 'மாணவர் ஒன்று', 'மாணவர் இரண்டு' என்று பெயர் கொடுத்திருக்கிறான். தன் பெயரையும் கொடுத்துப் பார்த்திருக்கிறான். அவன் குடும்பத்து வழக்கப்படி அட்டையில் அவன் பெயருக்குப் பின்னால் நேராக அப்பா பெயர், நடுவில் ஒன்றும் கிடையாது.

"நம்ம பிள்ளைங்கன்னா இப்படித்தான் இருக்கும்னு நானே நெனச்சுட்டேனே, அக்கா" என்றான் தரையில் இருந்தபடி. அந்தப் பூஜ்யங்கள் எல்லாம் சீனப் பிள்ளைகளுக்கு வந்திருந்தால் அன்று மாலையே சிஸ்டத்தைப் பிரித்து மேய்ந்திருப்பான். அது அவனுக்கும் தெரியும்.

புவான் அவனைத் திட்டவில்லை. ஒவ்வொரு பிள்ளையின் வீட்டுக்கும் அவனே போன் செய்து, தவறு என்னுடையது, மறுதேர்வுக்கு வாருங்கள் என்று சொல்ல வேண்டும் என்றார். திட்டியிருந்தால் அவனுக்குச் சுலபமாக இருந்திருக்கும். நிர்வாகத்தில் ஒருவர் வேறு யோசனை சொன்னார். விஷயத்தை வெளியே விடாமல் எல்லாரையும் இரண்டாம் குழுவில் போட்டுவிடலாமே, யாருக்கும் நட்டமில்லையே என்றார். "அப்படிச் செய்தால் ஏதோ சலுகையில் உள்ளே வந்தோம் என்று அந்தப் பிள்ளைகள் கடைசி வரை நினைப்பார்கள். அவர்கள் எழுதினார்கள், நாம் தொலைத்தோம்" என்றார் புவான். மறுதேர்வு வெள்ளிக்கிழமை என்று முடிவானது. அன்றோடு பிரிவுப் பதிவும் முடிகிறது.

குமரேசன் என் அறையில் உட்கார்ந்துதான் போன் செய்தான். ஒரு அப்பா அவன் சொன்னதைக் கேட்டுவிட்டு, "பரவால்ல சார், விடுங்க, நம்ம பையன் எப்பவுமே கொஞ்சம் மந்தம்தான்" என்று அவனைச் சமாதானப்படுத்தினார். இவன் திரும்பத் திரும்ப, "இல்லீங்க, தப்பு என்னோடது, உங்க பையனோடது இல்ல" என்று கிட்டத்தட்ட கெஞ்சினான். போனை வைத்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டான்.

எல்லாரும் வருவதாகச் சொன்னார்கள், துளசியைத் தவிர. அவள் போனை எடுக்கவில்லை. விடுதியில் கேட்டால், முடிவு வந்த இரண்டாம் நாளே சாவியைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டாளாம். படிப்பை விடுவதாகக் கடிதமும் கொடுத்துவிட்டாளாம். கணினிப் பொறியியலுக்காகவே வந்த பெண் என்று அறைத் தோழி சொன்னாள். புவான் கார்ச் சாவியை எடுத்தார். நானும் ஏறிக்கொண்டேன்.

அவள் குடும்பம் இருந்த ரப்பர்த் தோட்டம் எப்போதோ எண்ணெய் எடுக்கும் செம்பனையாகிவிட்டது. தொழிலாளர்களின் லயத்து வீடுகளை இடித்த பிறகு எல்லாரும் தாப்பா அடுக்குமாடிக்கு வந்துவிட்டார்கள். வீட்டில் அவள் அம்மா மட்டும் இருந்தார். மகள் பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் அலாவுதீன் அண்ணன் சாப்பாட்டுக் கடையில் கல்லாவில் உட்கார்கிறாள் என்றார். "படிப்பு அவளுக்கு ஒத்து வரல மேடம். நாங்க ஒண்ணும் சொல்லல" என்று தயங்கியபடி சொன்னார்.

மத்தியானக் கூட்டம் வடிந்த நேரம். எங்களைப் பார்த்ததும் துளசி எழுந்து நின்றுவிட்டாள். அலாவுதீன் அண்ணன் விஷயம் தெரியாமலே இரண்டு தே தாரேக் தேநீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, "பேசுங்க, பேசுங்க, கல்லாவ நான் பாத்துக்குறேன்" என்று போனார். நான் நடந்ததைத் தமிழில் சொன்னேன். அவள் முகத்தில் ஒரு சந்தோஷமும் தெரியவில்லை.

"நீ எல்லா கேள்விக்கும் எழுதினியாம்மா?"

"எழுதினேன் மேடம். வெளிய வந்து பிரெண்டுகிட்டகூட ஈஸி லான்னு சொன்னேன்."

"அப்புறம் ஏன் வந்து கேக்கல?"

மேசை விரிப்பின் ஓரத்தை மடித்து மடித்துப் பிரித்தாள். "ஸீரோன்னு போட்டிருந்துச்சு. அப்பதான் நெனச்சேன், எனக்கு ஒண்ணும் புரியாததுனாலதான் ஈஸியா தெரிஞ்சிருக்குன்னு."

தேநீரை எடுத்துக் குடித்தேன், சூடு நாக்கைச் சுட்டது. புவானுக்குத் தமிழ் புரியும், பேசத்தான் வராது. கொஞ்சம் முன்னால் குனிந்து, "லெபாஸ் து?" என்று மெதுவாகக் கேட்டார். அந்தக் கேள்வியை அவ்வளவு அன்பாகக் கேட்க முடியும் என்று எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"லெபாஸ் து... வீட்டுக்கு வந்துட்டேன், புவான்." பிறகு மலாயில், "திரும்ப எழுதி, திரும்பவும் ஸீரோ வந்தால்?" என்று கேட்டாள்.

"உன் நாற்காலியில் உன் பெயரில் நானும் உட்கார்ந்தேன். கல்லூரியில் நான்தான் எல்லாருக்கும் மூத்த ஆள்" என்றார் புவான். "எனக்கும் பூஜ்யம்தான் வந்தது."

துளசி அவரை உற்றுப் பார்த்தாள். பொய் சொல்கிறாரா என்று பார்த்தாள் போல. பிறகு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு பாதியிலேயே அழுகையாகிவிட்டது. கல்லாவிலிருந்து அலாவுதீன் அண்ணன் பதறிப்போய், "என்னாச்சு? நான் ஒண்ணும் திட்டலையே!" என்று எழுந்தே வந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும், "இதுக்கா அழுவுற? போ லா! கல்லாவுக்கு வேற ஆள் கெடைக்கும்" என்றார். தேநீருக்குக் காசு வாங்கவில்லை.

வெள்ளிக்கிழமை மறுதேர்வு. துளசியின் விலகல் கடிதத்தைப் புவான் முன்பே திரும்ப வாங்கி வைத்திருந்தார். குமரேசன் கோப்புகளை மாணவர் எண்ணில் வைக்கும்படி மாற்றியிருந்தான். முந்தின நாள் புவான் எங்களை ஒவ்வொருவர் பெயரிலும் உட்கார்ந்து எழுதிப் பார்க்க வைத்திருந்தார். அடையாளம் கேட்கும் பக்கம் திறந்ததும் துளசி தலையைத் திருப்பி, "மேடம், அந்த ஏ/பிய எடுத்துறவா?" என்று கேட்டாள். நான் பதில் சொல்வதற்கு முன் குமரேசன், "வேணாம்மா. அட்டையில எப்படி இருக்கோ அப்படியே போடு" என்றான்.

எல்லாரும் எழுதினார்கள். வெளியே கல் உடைக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. துளசி நேரம் முடியும் முன்பே அனுப்பிவிட்டாள். திரையில் 'நன்றி' வந்தது. வழக்கமாக அந்தச் சொல்லைக் கண்டதும் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு ஓடுவார்கள். இவள் எழுந்திருக்கவில்லை. கையைத் தூக்கினாள்.

"மேடம், நன்றின்னு வந்திருக்கு. நான் எழுதினது உள்ள இருக்கான்னு காட்டுங்க."

அப்படி ஒரு மாணவர் கேட்டு நான் பார்த்ததில்லை. புவான் குமரேசனைப் பார்த்துத் தலையசைத்தார். பக்கத்திலிருந்த ஓராங் அஸ்லி பையனும் கையைத் தூக்கினான். பிறகு அந்த வரிசையில் அனுப்பி முடித்த எல்லாரும் தூக்கினார்கள். குமரேசன் துளசியிடம் வந்து, அவள் கோப்பைத் திறந்து, திரையை அவள் பக்கம் திருப்பினான். மேலே அவள் முழுப் பெயர், கீழே அவள் எழுதிய வரிகள். விரலைத் திரையில் வைத்து, ஒரு வரி விடாமல் கடைசி வரை படித்தாள்.

"ஆமா, நான் எழுதினதுதான்" என்றாள்.

மதிப்பெண் எப்போது வரும் என்று கேட்கவில்லை. நாற்காலியை உள்ளே தள்ளிவிட்டு வெளியே போனாள்.